யாருடைய தாகம், யாருடைய காடு?

1

காட்டைக் காப்பாத்தணும்னு யாராவது பேசினால் எங்கம்மாவுக்குப் பிடிக்காது. ரேடியோவில் வனமகோத்சவம் என்று ஏதாவது சொன்னால்கூட, "ஆமா, இவனுங்க காப்பாத்திக் கிழிச்சானுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அதற்குக் காரணம் இருந்தது.

பென்னாகரத்துக்கு மேற்கே, ஒகேனக்கல் காட்டை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த சேரி. 1978ஆம் வருசம் எனக்கு ஒன்பது வயசு. அம்மாவும் பெரியம்மாவும் வெறகுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மரம் எதையும் வெட்டவில்லை. காய்ந்து விழுந்த ஊஞ்சக் கிளைகளைப் பொறுக்கிக் கட்டினார்கள். திரும்பி வரும் வழியில் கார்டு ஒருத்தர் மறித்தார். அருவாளைப் பிடுங்கினார், கயித்தைப் பிடுங்கினார், கடைசியில் தலையில் இருந்த சும்மாட்டுத் துணியையும் பிடுங்கித் தூரப் போட்டார். அஞ்சு ரூபா கேட்டார். அது அம்மாவுக்கு மூணு நாள் கூலி. பெரியம்மா காலில் விழுந்தாள். அம்மா விழவில்லை. கட்டை அங்கேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ராத்திரி அடுப்பு எரியவில்லை. அந்த வாரம் பூரா மூங்கில் ஏற்றிய லாரிகள் எங்க ஓடைப் பாலத்தின் மேலேதான் போய்க்கொண்டிருந்தன. அந்த லாரிகளை யாரும் மறிக்கவில்லை.

அப்பாவுக்குக் காடு வேறு மாதிரி. அவர் ஊர்க்காரங்க நெலத்தில் ராக்காவல். கேழ்வரகு கதிர் பிடிக்கிற மாசங்களில் பரண்மேல் ஏறி, தகரத்தைத் தட்டி, பந்தம் காட்டி யானையை விரட்டுவது அவர் வேலை. நெலம் அவங்களுது, யானைக்கு முன்னால் போய் நிற்கிற ஒடம்பு எங்களுது. விடிகாலை வீட்டுக்கு வந்தால் கை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர் என்று சொல்லுவார்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவன் நான், ஒரு காட்டை மூழ்கடிக்கக் கூடாது என்று இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். காடு எங்களுக்கு என்ன கொடுத்தது? வெறகு கொடுத்தது, அடியும் கொடுத்தது. அதற்காக நான் ஏன் பேச வேண்டும்? காட்டுக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று தெரிந்திருந்தும், அவர்களோடு ஒரே வரிசையில் நிற்பது எப்படி நியாயமாகும்? எங்கம்மா உயிரோடு இருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. அவளுக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

நம் பத்திரிகைகள் மேகதாது என்று எழுதுகின்றன. ஏதோ மேகத்தோடு சம்பந்தப்பட்ட பெயர் போலக் கேட்கிறது. கன்னடத்தில் மேகெ என்றால் ஆடு. ஆடு தாண்டுற எடம் என்று அர்த்தம். காவிரி அந்த இடத்தில் பாறைகளுக்கு நடுவே அவ்வளவு ஒடுங்கிப் போகிறது. கர்நாடகத்தில் கனகபுரா தாலுகா. அர்க்காவதி ஆறு காவிரியில் வந்து சேரும் சங்கமத்துக்குக் கீழே சில கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் நம் எல்லை, அதற்குக் கீழே ஒகேனக்கல்.

அங்கே 67.16 டிஎம்சி கொள்ளளவுள்ள ஒரு அணை கட்டுவது கர்நாடக அரசின் திட்டம். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய அணை என்று விளங்கும். 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர் என்று சொல்கிறார்கள். 2019இல் கொடுத்த திட்ட அறிக்கையில் செலவு 9,000 கோடி ரூபாய். 2025 நவம்பரில் தமிழ்நாட்டின் மனு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நிபுணர் அமைப்புகள் இன்னும் முடிவு சொல்லாத நிலையில் இது காலத்துக்கு முந்திய மனு என்று சொல்லி நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதாவது அணை இன்னும் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும்போதுதான் பேச முடியும். தண்ணீர் நின்ற பிறகு பேசி என்ன பயன்?

மூழ்கப் போவது என்ன? திட்டத்துக்கான நிலம் 5,000 ஹெக்டேருக்கு மேல். அதில் 3,181 ஹெக்டேர் காவிரி வனவிலங்கு சரணாலயம். 1,869 ஹெக்டேர் காப்புக்காடு. மீதி 201 ஹெக்டேர்தான் வருவாய் நிலம். கூடவே ஆத்தோரத்துச் சின்னச் சின்ன ஊர்கள் சில. இந்தக் கணக்கைக் காட்டி, ஜனங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, பெரும்பாலும் காடுதானே என்கிறார்கள். இந்தக் 'காடுதானே' என்கிற வார்த்தையை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். 'சேரிதானே', 'புறம்போக்குதானே' என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

இந்தப் பக்கம் நம் தலைவர்கள் பேசுவதையும் கேட்கிறோம். எதிர்க்கிறார்கள், சரி. எதற்காக எதிர்க்கிறார்கள்? நமக்கு வர்ற தண்ணி கொறஞ்சிடும் என்பதற்காக. அந்தப் பக்கம் 2022 ஜனவரியில் மேகதாதுவிலிருந்து பாதயாத்திரை கிளம்பினார்கள். நம்ம தண்ணி நம்ம உரிமை என்பது கோஷம். 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 1991இல் இடைக்காலத் தீர்ப்பு, 2007இல் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நூறு வருசத்துக்கு மேலாக நடக்கும் இந்த வழக்கில் டிஎம்சி பேசுகிறது, கன அடி பேசுகிறது, ஏக்கர் பேசுகிறது. இவ்வளவு பேச்சில் காட்டின் குரலுக்கு இடமே கிடைக்கவில்லை.

தலித்தின் குரலுக்கும் இடம் கிடைக்கவில்லை. காவிரி நம் உயிர் என்று மேடையில் அழுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அந்த வயலில் பாய்ந்தது எந்த ஆத்துத் தண்ணி? தண்ணீர் நெலத்துக்குப் போகிறது. நெலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் போகிறது. கூலியைக் கூட்டிக் கேட்டவர்களிடம் நெருப்புதான் போனது.

3

நான் சொல்லும் காடு சினிமாவில் வருகிற காடு இல்லை. பச்சைப் பசேல் என்று இருக்காது. அருவி, பனி, பாசி படர்ந்த மரம் இதெல்லாம் கிடையாது. வருசத்தில் ஆறேழு மாசம் இலை உதிர்ந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். பாறையும் முள்ளும், ஊஞ்ச, வெள்வேல், ஆச்சா, வெக்காளி, கள்ளி, அங்கங்கே மூங்கில் புதர். கால் வைத்தால் சருகு நொறுங்கும். சித்திரை வெயிலில் அந்தக் காட்டுக்குள் போனால் பாறையிலிருந்து அனல் அடிக்கும். மழை ரெண்டு விழுந்தால் போதும், பத்தே நாளில் ஆளே தெரியாத மாதிரி பச்சையாகிவிடும். அதைப் பார்க்கக் காத்திருக்கணும். டூரிஸ்ட் காத்திருக்க மாட்டான்.

இந்த மாதிரிக் காட்டுக்கு அரசாங்கக் காகிதத்தில் சீரழிந்த காடு, புதர்க்காடு, முள்ளுக்காடு என்று பேர். கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வருகிறது என்றபோது நாடே பேசியது. கவிஞர்கள் எழுதினார்கள், விஞ்ஞானிகள் எழுதினார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மழைக்காடு. வறண்ட காட்டுக்காக அப்படி யார் எழுதினார்கள்? காட்டிலும் வருணம் வைத்திருக்கிறோம். சோலைக்காடு அக்கிரகாரம், முள்ளுக்காடு சேரி. ஒன்று புனிதம், இன்னொன்று எதை வேண்டுமானாலும் கொட்டலாம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னவுடனே நண்பர் ஒருவர் கைதட்டினார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் இந்த உவமை சுலபமானது. மரத்துக்குச் சாதி தெரியாது. ஊஞ்ச மரத்தை யாரும் டீக்கடையில் தனி டம்ளரில் குடிக்க வைக்கவில்லை. நம் வலியை ஒரு மரத்தின்மேல் ஏற்றிப் பேசினால் வலியும் நீர்த்துப் போகும், மரமும் மறைந்து போகும். உவமையில் உண்மையாக இருப்பது ஒரு பகுதிதான். ஒன்றை அழிப்பதற்கு முன்னால் அது ஏற்கெனவே கெட்டுப்போனது, மதிப்பில்லாதது என்று பேர் வைக்கிறார்கள். பேரை வைத்த பிறகு அழிப்பது சுலபம். இந்த வேலையை மனுசர்மீது செய்து பழகிய கைதான் காட்டின்மீதும் செய்கிறது. நான் சொல்ல வருவது அந்தக் கையைப் பற்றி.

4

மதிப்பில்லாத காடு என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

வறண்ட காட்டின் உயிர் அதன் ஆத்தோரத்தில் இருக்கிறது. மலைமேல் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரு ஒல்லியான பச்சைக்கோடு மட்டும் ஓடும். நீர்மருது, நாவல், புங்கன், புளி. மாசியிலிருந்து வைகாசி வரை மொத்தக் காடும் அந்தக் கோட்டை நம்பித்தான் பிழைக்கிறது. யானை அங்கேதான் இறங்கி வரும். மான், காட்டெருமை, நீர்நாய், முதலை எல்லாம் அந்தக் கோட்டில்தான். அணை கட்டினால் முதலில் மூழ்குவதும் அந்தக் கோடுதான். ஐயாயிரம் ஹெக்டேர் என்பது சரணாலயத்தில் சின்னப் பங்கு என்று வாதாடுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். வீட்டில் அடுப்படி எத்தனை சதுர அடி? அதை இடித்துவிட்டு, பாக்கி வீடு அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் எப்படி?

புதுசாகத் தண்ணீர் நிற்குமே, அதன் கரையில் புதுக் காடு வளராதா என்று கேட்கலாம். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். தண்ணீர் ஏறும், இறங்கும். ஏறும்போது நாத்தை அழுக வைக்கும், இறங்கும்போது வெடித்த சேறு. அதில் மருத மரம் நிலைத்து வளராது. ஓடுகிற ஆத்தின் ஓரத்தில் வளர்வது வேறு, நிற்கிற தண்ணியின் ஓரத்தில் வளர்வது வேறு.

அந்த மருத மரங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய அணில் இருக்கிறது. நரை அணில் என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சரணாலயம் வைத்தார்கள். அது மரத்துக்கு மரம் கொப்பு வழியாகவே போகிற பிராணி. தரையில் இறங்கி இன்னொரு காட்டுக்கு நடந்து போகாது. ஆத்தோர மரம் போனால் அதுவும் போச்சு.

ஆத்துக்குள்ளே மகாசீர் என்று ஒரு மீன். முதுகு கூனல் விழுந்தது போலத் திரண்டிருக்கும். ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும். காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. வெள்ளைக்காரத் துரைகள் நூற்றைம்பது வருசத்துக்கு முன்பே தூண்டில் போட்டுப் பிடித்துப் பக்கத்தில் நின்று பெருமை பேசிய மீன் அது. ஆனால் அதற்குரிய விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018இல்தான் உறுதியானது. அதே வருசம், உலகத்திலிருந்தே அழிந்துபோகும் ஆபத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பேர் கிடைக்கிறபோது சாவுச் சீட்டும் கூடவே வருகிறது. அந்த மீனுக்குப் பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் தண்ணீரும், கோடையில் ஒதுங்க ஆழமான மடுவும் வேணும். புதுவெள்ளத்தில் மேலேறிப் போய் முட்டை போடும். ஏற்கெனவே இருக்கும் அணைகள் அதன் வழியைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டன. மிச்சம் இருக்கும் துண்டில்தான் இந்த அணை வருகிறது.

யானை என்ன ஆகும்? இந்தக் காடு தனிக்காடு இல்லை. பன்னேர்கட்டாவிலிருந்து ஓசூர், தேன்கனிக்கோட்டை, மாதேஸ்வரன் மலை, சத்தியமங்கலம் வரை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடு. நம் பக்கத்துக் காட்டையும் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள். கோடையில் ஆற்றைக் கடக்கும் யானைக்கு நடுவில் ஆழமான தண்ணீர் நின்றால், சுற்றி வரும். சுற்றுகிற வழியில் வயல் இருக்கும், வயலில் கேழ்வரகு இருக்கும். கேழ்வரகுக்கு முன்னால் யார் நிற்பார்கள்? நெலத்துக்காரர் வீட்டில் படுத்திருப்பார். பரணில் எங்கப்பா மாதிரி ஒருத்தர் இருப்பார். காட்டோரத்துக் கடைசி வீடு யாருடையது என்று ஒவ்வொரு ஊரிலும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கம்மாவுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். காட்டை அழித்தால் அந்தச் சண்டை நம் குடிசை வாசலில்தான் நடக்கும். யானைமேல் பாசம் இருக்கோ இல்லையோ, யானைக்கு அதன் எடம் இருக்க வேண்டியது நமக்கும் அவசியம்.

5

அம்பேத்கரைப் படித்தவர்கள் இந்த இடத்தில் என்னை மடக்குவார்கள். மடக்க வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், மகாநதியில் ஈராக்குட் இவற்றுக்கெல்லாம் அடித்தளம் போட்டதில் அவர் பங்கு பெரியது. வெள்ளத்தைத் தீமையாகப் பார்க்காதீர்கள், தண்ணீர் செல்வம், தேக்கி வைத்துப் பயன்படுத்துங்கள் என்பதே அவர் பார்வை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த மனிதர், தண்ணீர் எல்லோருக்கும் போகணும் என்று நினைத்ததில் ஆச்சரியம் என்ன? கிராமத்தை, இயற்கையைப் புனிதமாக்கிப் பேசிய காந்தியிடம் அவர் மயங்கவில்லை. நாமும் மயங்கக் கூடாது. இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று சொல்கிறவர் பெரும்பாலும், நீ வெறகுக்கட்டோடேயே இரு என்றுதான் சொல்கிறார்.

ஆகவே அணை என்றாலே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அணை ஒரு கருவி. யார் கையில், யாருக்காக என்பதுதான் கேள்வி. அம்பேத்கர் அந்தத் திட்டங்களை யோசித்தபோது நெலம் அரசுடைமை ஆகணும், கூட்டுப் பண்ணையாக உழணும் என்றும் 1947இல் எழுதிக் கொடுத்தார். அணையை எடுத்துக்கொண்டார்கள். நெலத்தைப் பற்றிச் சொன்னதைக் கைவிட்டார்கள். பிறகு நடந்தது என்ன? சுதந்திரத்துக்குப் பின் அணை, சுரங்கம், தொழிற்சாலை என்று விரட்டப்பட்டவர்களைப் பல வருசம் கணக்கெடுத்த ஆய்வாளர் வால்டர் பெர்னாண்டஸ், அவர்களில் 40 சதவீதம் ஆதிவாசிகள், 20 சதவீதம் தலித்துகள் என்கிறார். நாட்டின் ஜனத்தொகையில் ஆதிவாசிகள் 9 சதவீதம்கூட இல்லை.

காவிரியிலேயே பாருங்கள். 1902இல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் போனது கோலார் தங்கவயல் சுரங்கத்துக்கு. பூமிக்கடியில் இறங்கித் தங்கம் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் போன நம் ஜனங்கள். தங்கம் லண்டனுக்குப் போனது. நெஞ்சில் தூசி நம் ஆட்களுக்கு மிஞ்சியது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அணையில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகள் படம் போடுகின்றன. சேரி எதுவும் வெளியே வந்ததாக நான் படம் பார்த்ததில்லை. மண்சுவரு தண்ணியில் கரைஞ்சு போயிருக்கும். கல்லில் கட்டினவர்களுக்குத்தான் மூழ்கின பிறகும் வரலாறு.

பாபாசாகேப் இன்று இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவர் கட்டிய அணையை அல்ல, அவர் கேட்ட கேள்வியை: இந்தத் தண்ணீரை யார் தொடலாம்?

6

அந்தக் கேள்வியோடு பெங்களூருக்குப் போவோம். எங்கண்ணன் 1983இல் அங்கே போனவர். செங்கல் சுமந்து, கம்பி கட்டி, சென்ட்ரிங் பலகை அடித்து அந்த நகரத்தில் பாதியைக் கட்டிய ஆயிரக்கணக்கான தர்மபுரிக் கூலிகளில் ஒருவர். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். அண்ணி கைக்குழந்தையோடு ரெண்டு ராத்திரி ஒரு கன்னடக்கார வீட்டில் ஒளிந்திருந்தாள். அந்த வீடும் குடிசைதான். காவிரியால் ஒரு சொட்டுக்கூட லாபம் அடையாதவர்கள் காவிரிக்காக வீடு இழந்தார்கள்.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது போய்ப் பார்த்தேன். அண்ணன் இப்போதும் குடிசைப்பகுதியில்தான். அண்ணி விடியற்காலை மூணு மணிக்கு வரிசையில் கொடம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொடம் அஞ்சு ரூபா. எதிரே அடுக்குமாடி வீட்டுக்கு டேங்கர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் அணையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன்.

"அணை வேணாம்னா எழுதப் போற தம்பி?" என்றாள்.

"ஆமா அண்ணி. காடு மூழ்கிடும்."

"காடு மூழ்கட்டும், தண்ணி வருதான்னு பாரு. நீ ஊருக்குப் போயிடுவ. நாளைக்கு மூணு மணிக்கு நான்தான் எழுந்திரிக்கணும்."

எனக்குப் பதில் வரவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. தாகத்தில் இருப்பவளிடம் போய் அணிலைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? வெறகுக்கட்டைப் பிடுங்கிய கார்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் காட்டின் பெயரைச் சொல்லி ஒரு பொம்பளையிடமிருந்து எதையோ பிடுங்குகிறோம்.

ஆனால் விடிந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2018 தீர்ப்பில் பெங்களூருக்கு என்று கூடுதலாகக் கொடுத்தது 4.75 டிஎம்சி. அதை எடுக்க 67 டிஎம்சி அணை எதற்கு? காவிரித் தண்ணீர் இந்த நகரத்துக்கு வராமலும் இல்லை. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டமும் தொடங்கியாகிவிட்டது. பல வருசமாக, வந்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழாய் ஒழுக்கிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போனது. அண்ணி வீட்டுத் தெருவுக்குக் குழாய் வராமல் இருப்பதற்குக் காரணம் ஆத்தில் தண்ணீர் இல்லாதது இல்லை. அந்தத் தெருவை நகரம் தன் தெருவாக ஒப்புக்கொள்ளாததுதான். எங்க ஊர்க் கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. எங்கம்மா ஓடையில் ஊத்துத் தோண்டித்தான் எடுத்தாள்.

இன்னொன்று. நகரம் குடித்துக் கழித்த தண்ணீர் எங்கே போகிறது? விருஷபாவதி என்று ஒரு ஆறு பெங்களூருக்குள்ளேயே பிறக்கிறது. நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு அர்க்காவதியில் சேருகிறது. அர்க்காவதி சங்கமத்தில் காவிரியில் சேருகிறது. மேகதாது அந்தச் சங்கமத்துக்குக் கீழே. ஆகவே நகரம் தன் கழிவையும் தேக்கிவைத்து, மறுபடி மேலே ஏற்றிக் குடிக்கப் போகிறது. இதற்குப் பதில் அந்தக் கழிவுநீரை நகரத்திலேயே சுத்தம் செய்யலாம். செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2018 முதல் சுத்திகரித்த தண்ணீரைக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஏரிகளை மீட்கலாம், ஒழுகும் குழாயை அடைக்கலாம். இதில் எதற்கும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஆனால் 9,000 கோடி காண்டிராக்டும் கிடைக்காது.

7

இதெல்லாம் சொல்லிவிட்டு வனவிலங்கு ஆர்வலர்களோடு கைகுலுக்கிக்கொள்ள நான் போகவில்லை. அவர்களிடமும் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. 1972 சட்டம் வந்த பிறகு காட்டைக் காப்பாற்றுவது என்றால் மனுசரை வெளியேற்றுவது என்று ஆகிவிட்டது. இரும்பும் கிரானைட்டும் தேவைப்படும்போது மட்டும் வேலி திறக்கும். அணைக்காக அழிக்கும் காட்டுக்குப் பதிலாக வேறு இடத்தில் மரம் நடுவோம் என்கிறார்கள். எந்த இடத்தில்? நம் ஆட்கள் ஆடு மேய்க்கிற மேய்ச்சக்காட்டில், புறம்போக்கில். ஆக, காடு அழிந்தாலும் நாம் வெளியே. காடு நட்டாலும் நாம் வெளியே.

வேறு வழி உண்டு என்பதையும் பார்த்திருக்கிறோம். மேகதாதுவுக்குத் தெற்கே பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில், 2006 வன உரிமைச் சட்டப்படி, 2011இல் சோளகர்களின் 25 கிராமசபைகளுக்குச் சமூக உரிமை கொடுத்தார்கள். தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம். புலி ஓடிப்போய்விடவில்லை. ஜனங்கள் உள்ளே இருந்தால் காடு அழியும் என்பது ஒரு கருத்தியல், உண்மை அல்ல.

அப்படியானால் ஒருத்தர் தாகத்துக்கும் ஒரு காட்டின் உயிருக்கும் நடுவில் எப்படித் தீர்ப்புச் சொல்வது? எனக்குத் தெரிந்த அளவில் மூன்று கேள்வி கேட்கணும். இந்தத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள்? இதற்காக யார் மூழ்கப் போகிறார்கள்? இந்த ரெண்டையும் முடிவு செய்கிறவர்கள் யார்? மூன்று கேள்விக்கும் ஒரே ஆட்கள் பதிலாக இருந்தால், அதாவது குடிக்கிறவர்களே இழக்கிறவர்களாகவும், இழக்கிறவர்களே முடிவு செய்கிறவர்களாகவும் இருந்தால், அணை கட்டட்டும். அந்த வருத்தத்தை நாமும் பங்கிட்டுக்கொள்வோம். மேகதாதுவில் மூன்றுக்கும் வேறு வேறு ஆட்கள். அதிலும் அணிலும் மீனும் இழக்கும் வரிசையில் மட்டும் நிற்கின்றன. மற்ற ரெண்டிலும் அவற்றுக்கு இடமே கிடையாது. மனு போடத் தெரியாதவரின் பங்கை எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியாதா? தலைமுறை தலைமுறையாக நம் பங்கை அப்படித்தானே எடுத்தார்கள்? தெரிந்த நாமே அதைச் செய்தால், அல்லது செய்கிறபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், ஊர்க்கிணற்றைப் பற்றி நாம் கேட்ட கேள்விக்கு என்ன பலம் இருக்கும்?

இது பரிவு அல்ல. எனக்குப் பரிவு காட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதன் லட்சணம் தெரியும். இது கணக்கு. என் தாகத்தைக் காட்டி இன்னொருத்தன் அணை கட்டுகிறான். என் பெயரில் ஒரு கொலை நடக்கிறது. அதில் எனக்குப் பங்கு இல்லை என்று சொல்லும் உரிமையாவது எனக்கு வேண்டும்.

போன வருசம் மறுபடி அண்ணி வீட்டுக்குப் போனேன். எழுதியதைப் படித்துக் காட்டினேன். கழிவுநீர்க் கணக்கு வந்தபோது, "அந்தச் சாக்கடயவா திருப்பி நமக்குக் குடுப்பானுங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். அணில் வந்தபோது பேசாமல் கேட்டாள். எங்கம்மாவின் சும்மாடு வந்தபோது முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். முடித்ததும் கேட்டாள்:

"எல்லாம் சரி தம்பி. இதுல எங்க தெருவுக்குக் கொழா வரணும்னு எழுதியிருக்கியா?"

எழுதியிருந்தேன், ஆனால் நடுவில் ஒரு வரியாக. அவள் கேட்ட பிறகு யோசித்தால் அது முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தத் தெருவுக்குக் குழாய் கேட்காமல் இந்தக் காட்டுக்காகப் பேசினால் எங்கம்மா என்னைத் திட்டுவாள். திட்டட்டும். ரெண்டையும் சேர்த்துக் கேட்டால் அவள் எழுந்து போகமாட்டாள் என்று நினைக்கிறேன்.